தோட்டப் பள்ளிக்கூடம்: ஒரு கட்டடம் சொல்லும் வரலாறு



மலாக்கா நகரத்துக்குப் போய் வந்தவர்கள் அனைவரும் ஆற்றின் அருகே நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாதைஸ் மாளிகை அது. சற்று அப்பால் போர்த்துகீசியர் கோட்டையின் வாயில் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கின்றது. 2008ஆம் ஆண்டில் மலாக்கா நகரையும் பினாங்கு ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தது. ஆண்டுதோறும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அங்கு அழைத்துப் போகின்றோம். 1511இல் போர்த்துகீசியர் வந்தனர், 1641இல் டச்சுக்காரர் வந்தனர், 1824இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது என்று ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிக் கொடுக்கின்றோம்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒரு நாள், பேருந்தில் ஒரு சிறுவன் கேட்டான்: "சார், நம்ம பள்ளிக்கூடம் எந்த வருசம் கட்டினாங்க?" நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள்தாம், தோட்டப் பள்ளியிலேயே படித்து, தோட்டப் பள்ளிக்கே ஆசிரியராக வந்தவர்கள்தாம். ஆயினும் அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய கோட்டையின் கதை தெரிகின்றது. நாம் அரிச்சுவடி படித்த கூடத்தின் கதை தெரியவில்லை. இது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்லவா? ஆகவே, தோட்டப் பள்ளிக்கூடம் என்னும் அந்தப் பலகைக் கட்டடம் எப்படி வந்தது, ஏன் அப்படிக் கட்டப்பட்டது, அது நமக்குச் சொல்லும் செய்தி யாது என்பதை இன்று சேர்ந்து பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மலாக்காவில் தமிழ்க் கல்வி ரப்பர் மரத்தோடு வந்ததன்று. அது மிகவும் பழையது. மலாய் இலக்கியத்தின் புது யுகத்தைத் தொடங்கி வைத்தவர் என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய தன்வரலாறான ஹிக்காயாட் அப்துல்லா 1849இல் அச்சாகியது. சிறு வயதில் தம்மைத் தந்தையார் தமிழ் படிக்க அனுப்பினார் என்று அதில் அவர் எழுதியிருக்கின்றார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அக்காலத்து வழக்கமாம். ஏனெனில் கணக்கு எழுதவும் வாணிகம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்த காலம் அது.

ஆனால் அதே மலாக்காவில் இன்னொரு காட்சியையும் காண்கின்றோம். காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகளை உங்களில் பலர் அறிவீர்கள். மலாக்கா சுல்தான்கள் காலம் தொட்டு இங்கு வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1781ஆம் ஆண்டிலேயே ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பியவர்கள். இன்று வரையில் இந்து சமய வழிபாட்டைக் கைவிடாதவர்கள். மாரியம்மன் திருவிழாவும் முன்னோர் படையலும் அவர்களிடையே இன்றும் உண்டு. ஆயினும் அவர்கள் வீட்டில் பேசும் மொழி மலாய். உள்ளூர்ப் பெண்களை மணந்ததும், தாய்நாட்டுத் தொடர்பு அறுந்ததும், வாணிகம் கைமாறியதும் இதற்குக் காரணங்கள். அவர்களிடம் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. தெய்வத்துக்கு ஒரு வீடு இருந்தால் வழிபாடு நிலைக்கும். எழுத்துக்கு ஒரு வீடு இருந்தால்தான் மொழி நிலைக்கும் என்னும் பாடத்தை நாம் கற்றுக்கொள்ளவே சொல்கின்றோம். தோட்டத்தில் அந்த எழுத்தின் வீடாக இருந்தது பலகைப் பள்ளிக்கூடம்.

சரி, தோட்டத்துக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் ஊரில் எத்தகைய பள்ளியைக் கண்டிருந்தார்கள்? அங்கிருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ பிள்ளைகள் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினர். பிறகு பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். முன்னே படித்த பிள்ளை பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல் என்பவர், மணலில் எழுதும் முறையையும், பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரோடு அங்கே பரவியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர்கள் படித்ததாக அக்கணக்கு சொல்கின்றது. பெருமைப்படத்தக்க எண்ணிக்கைதான். ஆனால் நேயர்களே, அந்தத் திண்ணையில் எல்லாரும் ஏற முடிந்ததா? இல்லை. நிலமற்ற கூலிகளாகவும், தாழ்த்தப்பட்டவர்களாகவும் இருந்த குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அங்கே இடம் இல்லை. பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களில் மிகப் பலர் அத்தகைய குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. இதை மறைத்துப் பேசுவதால் பயன் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தோட்டப் பள்ளிக்கூடத்தின் அருமை புலப்படும்.

இந்நாட்டில் முறையான தமிழ் வகுப்பு 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. அதனால்தான் 2016ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் அது நகரத்துக் கதை. தோட்டத்துக் கதை மலாக்காவில்தான் தொடங்குகின்றது என்று சொன்னால் மிகையன்று. ஏனெனில், இந்நாட்டில் வாணிக நோக்கோடு ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் நம் மலாக்காவில் உள்ள புக்கிட் லிந்தாங்தான். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவர் ரிட்லி, ரப்பர் விதையைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் நட்டுப் பாருங்கள் என்று கேட்டுத் திரிந்த காலத்தில், மலாக்காச் சீனரான டான் சே யான் துணிந்து 1896இல் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. மரவள்ளிக் கிழங்கு விளைந்த மேடுகளெல்லாம் பால்மரக் காடுகளாயின. புக்கிட் லிந்தாங் பெயரில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கின்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மரம் வளர்ந்தது, பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. சஞ்சிக்கூலி முறை 1910இல் நின்றது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டுத் தொழிலாளரின் கப்பல் செலவை முதலாளிமார் பொதுவில் ஏற்கும் ஏற்பாடு வந்தது. கங்காணிமார் ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். தனி ஆண்களாக வந்தவர்கள் போய், குடும்பம் குடும்பமாக வரும் காலம் பிறந்தது. லயத்தில் பிள்ளைகளின் குரல் கேட்கத் தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆயாக்கொட்டகை வந்தது. கொட்டகையை விட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன செய்வது? அங்கேதான் பள்ளிக்கூடம் என்னும் எண்ணம் பிறந்தது.

முதற்பள்ளிகளுக்குக் கட்டடமே இல்லை. கோயில் முன் மண்டபம், ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை, லயத்தில் ஆள் இல்லாத ஓர் அறை, இவையே பள்ளிகள். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி ஒருவரோ, கிராணியார் ஒருவரோ, வேலை முடிந்த நேரத்தில் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் ஒரு நாள் வருவார்கள். மறுநாள் அம்மாவுக்கு ஒத்தாசையாக மரத்தடிக்குப் போய்விடுவார்கள். கங்காணி வேறு தோட்டம் மாறினால் பள்ளியும் மறைந்துவிடும்.

இந்த நிலையை மாற்றியது சட்டம். மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், மலாக்கா சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றப் பகுதியில் அதையொத்த விதியும் வந்தன. 7 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ ஒரு தோட்டத்தில் இருந்தால், நிருவாகம் பள்ளி ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதே அதன் கருத்து. இது வெறும் கருணையால் வந்தது என்று எண்ண வேண்டாம். இந்திய அரசாங்கம் 1922இல் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றி, தன் மக்கள் வெளிநாட்டில் நடத்தப்படும் முறையைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. ஆள் வரத்து நின்றுபோனால் பால் வெட்டு நின்றுபோகும். மேலும், பள்ளி உள்ள தோட்டத்துக்குக் குடும்பஸ்தர்கள் விரும்பி வருவார்கள் என்பதையும் துரைமார் அறிந்திருந்தனர்.

சட்டம் பள்ளி வேண்டும் என்றது; அது எத்தனை நல்லதாக இருக்க வேண்டும் என்பது தோட்டத்தின் கையில் இருந்தது. பிள்ளைகளின் வருகையையும் தேர்வையும் பார்த்து அரசாங்கம் சிறு மானியம் வழங்கியது. தமிழ்ப் பள்ளிகளைப் பார்வையிடுவதற்கென்றே ஓர் ஆய்வாளர் 1930இல்தான் நியமிக்கப்பட்டார். ஆகவே செலவு குறைவாகவும், சட்டத்துக்குப் போதுமானதாகவும் ஒரு கட்டடம் எழுந்தது. அந்தக் கட்டடத்தைத்தான் இப்பொழுது சுற்றிப் பார்க்கப் போகின்றோம். நீங்கள் படித்த பள்ளியை மனக்கண்ணால் பாருங்கள்.

முதலில் அது நின்ற இடம். பெரும்பாலும் லயத்துக்கும் கோயிலுக்கும் அருகே, திடலை ஒட்டி இருக்கும். துரையின் பங்களா மேட்டின் உச்சியில். கிராணிமார் வீடுகள் அதற்குக் கீழே. லயம் தாழ்ந்த நிலத்தில். பள்ளி லயத்தின் பக்கத்தில். தோட்டத்தில் யார் யாருக்கு எந்த இடம் என்பதை மேடும் பள்ளமுமே சொல்லிவிடும். பள்ளியும் அந்த வரிசைக்கு உட்பட்டதுதான்.

அடுத்து, அதன் உருவம். நீளமான ஒரே கூடம். பலகைச் சுவர். சிமெண்டுத் தரை, அல்லது குட்டையான தூண்களின் மேல் ஏற்றிய பலகைத் தரை. முன்புறம் முழு நீளத்துக்கும் ஓர் அஞ்சடி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் லயத்துக்கும் பள்ளிக்கும் அதிக வேறுபாடு தெரியாது. லயம் கட்டிய அதே தச்சர், அதே பலகை, அதே ஆணி. பல தோட்டங்களில் தச்சர் சீனராக இருந்தார். ஆரம்ப காலத்து அத்தாப்புக் கூரை மலாய்க் கம்பத்திலிருந்து கற்றுக்கொண்டது. மெர்லிமாவில் பெங்குலு ஒருவரின் பழைய வீடு இன்றும் இருக்கின்றது. வண்ண ஓடு பதித்த வளைந்த படிக்கட்டோடு கூடிய அந்த மலாக்கா வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்துக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சி வீட்டைத் தூண்மேல் ஏற்றும் அறிவு அவர்களுடையது. நம் தோட்டப் பள்ளிக்கு வண்ண ஓடு வாய்க்கவில்லை. ஆனால் தூண் வாய்த்தது.

சுவரைக் கவனியுங்கள். இடுப்பளவு வரைதான் பலகை. அதற்கு மேல் குறுக்குச் சட்டங்களோ கம்பி வலையோ இருக்கும். ஏன் முழுச் சுவர் எழுப்பவில்லை? செலவு ஒரு காரணம். வெளிச்சமும் காற்றும் மற்றொரு காரணம். பகலில் மின்சாரம் இல்லாத தோட்டத்தில் சூரியன்தான் விளக்கு. அரைச்சுவர் வழியே காற்று நுழைந்து வெப்பத்தை வெளியேற்றும். சிக்கனத்துக்குச் செய்ததே சுகமாகவும் அமைந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சாரல் அடித்தால் ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு நடுவே ஓடி வர வேண்டும்.

கூரைக்கு வருவோம். அத்தாப்பு குளிர்ச்சியானது; ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நெருப்புக்கும் பயம். ஆகவே தகரக் கூரை வந்தது. தகரம் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் நண்பகலில் அதன் கீழே உட்காருவது அடுப்பங்கரையில் உட்காருவது போல. மழை வந்தாலோ பாடம் நின்றுவிடும். எத்தனை உரக்கக் கத்தினாலும் ஆசிரியர் குரல் தகரத்துச் சத்தத்தை வெல்லாது. நாங்கள் மாணவராக இருந்த காலத்தில், மழை பெய்தால் ஆசிரியர் சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கணக்குகளை எழுதிப் போட்டுவிடுவார். நாங்கள் பேசாமல் செய்ய வேண்டும். இன்றும் தகரத்தின் மேல் மழை விழும் ஓசை கேட்டால் பெருக்கல் கணக்குதான் நினைவுக்கு வருகின்றது.

இனிக் கூடத்தின் உள்ளே. தடுப்புச் சுவர் இல்லை. எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில். ஒரு கரும்பலகையை நிறுத்தினால் அதுவே சுவர். இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு. அந்தப் பக்கம் முதல் வகுப்பு அகர வரிசை. ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில் மூன்று நான்கு வகுப்புகளை ஒருவரே பார்த்தாக வேண்டும். ஆகவே ஊரில் விட்டு வந்த சட்டாம்பிள்ளை இங்கே மீண்டும் பிறந்தான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுத்தை வரைவித்தான். தன் பாடத்தைப் படித்துக்கொண்டே மேல்வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. இந்த ஏற்பாட்டை நாங்கள் புகழ வரவில்லை. நான்காம் வகுப்போடு பலருடைய படிப்பு நின்று, வெட்டுக் கத்தி கைக்கு வந்துவிட்டது என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் அந்த ஒரே கூடத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது நன்றி மறப்பதாகும்.

லயத்தில் சாதிப் பிரிவு இருந்தது. தண்ணீர்க் குழாயடியிலும் கல்யாணப் பந்தியிலும்கூட இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரே கூடம்தான். தனித் தனி அறை கட்ட நிருவாகம் பணம் கொடுக்கவில்லை. நீளமான ஒரே பெஞ்சில் கங்காணி மகனும், சாலை கூட்டுபவர் மகளும், கோயில் பூசாரி பேரனும் தோள் உரச உட்கார்ந்தனர். ஊர்த் திண்ணையில் ஏற முடியாதவருடைய பேரப்பிள்ளை, இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தான். சட்டமும் சிக்கனமும் கருதிக் கட்டிய கட்டடம், அவற்றைக் கருதாத ஒரு நன்மையைச் செய்துவிட்டது. தோட்டப் பள்ளியின் வரலாற்றில் மிகப் பெரிய செய்தி இதுவே என்று நாங்கள் கருதுகின்றோம்.

பள்ளி மணி எது? பல இடங்களில் கயிற்றில் தொங்கிய ஓர் இரும்புத் துண்டுதான். அதைத் தட்டினால் லயம் முழுவதும் கேட்கும். பிள்ளைகள் மட்டுமா அந்த மணிக்குக் காத்திருந்தனர்? பெற்றோரும் காத்திருந்தனர். மாலையில் அந்தக் கூடம் வேறு உருவம் எடுக்கும். செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கோ. சாரங்கபாணி அவர்கள் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு சிங்கப்பூரிலிருந்து வரும். 1950களில் அவ்விதழின் மாணவர் மணிமன்றப் பகுதியில் தம் பெயர் அச்சாகாதா என்று ஏங்கிக் கதையும் கவிதையும் எழுதிய பிள்ளைகள் பலர் தோட்டப் பள்ளிகளில் இருந்தனர். நாடக ஒத்திகை, தொழிற்சங்கக் கூட்டம், திருவிழாக் கணக்கு, எல்லாம் அந்தக் கூடத்தில்தான். பெஞ்சு உடைந்தால் மரவேலை தெரிந்த தகப்பனார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆணி அடிப்பார். வேலியைத் தாய்மார் கட்டினர். நிருவாகம் ஒரு கூரையைப் போட்டது. அதைப் பள்ளிக்கூடமாக ஆக்கியவர்கள் பெற்றோரே.

ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942 முதல் 1945 வரை பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. சிலவற்றில் ஜப்பானிய மொழி ஒலித்தது. சயாம் ரயில் பாதை போடத் தகப்பன்மார் கொண்டு போகப்பட்டுத் திரும்பாத குடும்பங்கள் அனேகம். போர் ஓய்ந்தபின், அதே கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளை மீண்டும் உட்கார வைத்தார்கள்.

அடுத்து வந்த மாற்றம் மிக முக்கியமானது. 1956இல் ரசாக் அறிக்கையும், 1957இல் கல்விச் சட்டமும் வந்தன. தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் இடம் பெற்றன. நம் நாட்டைப் பற்றிய பாடநூல் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தனர். அவர்கள் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. அது நிலம். பள்ளி நின்ற மண் தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. அதனால்தான் பல தமிழ்ப்பள்ளிகளைப் பகுதி உதவி பெறும் பள்ளி என்கின்றோம். நிலம் அரசாங்கத்தினுடையதானால் முழு உதவி. பிறருடையதானால், ஆசிரியர் சம்பளம் கிடைக்கும், கட்டடச் செலவுக்குப் பள்ளி வாரியமும் பெற்றோரும் நன்கொடையாளரும் அலைய வேண்டியிருக்கும். அரசாங்கம் அவ்வப்போது தரும் மானியம் துணையாக வரும்.

இதே சிக்கல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்தது. அங்கு 1970களில் தோட்டங்களை அரசு ஏற்றது; அதைத் தொடர்ந்து தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசு வசம் வந்தன; 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு புதிய கட்டடங்கள் எழுந்தன. அங்கும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் பள்ளிக்கு ஒரு நிலைத்த உரிமையாளர் கிடைத்தார்.

இங்கே 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றனர். அதைத் தடுக்க துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் வெள்ளிகளைச் சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தார். ஆயினும் பல தோட்டங்கள் கை நழுவின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. சாலை வந்தது, தொழிற்பேட்டை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் காலியானது. விடுதலை பெற்ற 1957இல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல் என்ற அளவில் நிற்கின்றன. நம் மலாக்கா மாநிலப் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அலோர் காஜா, மெர்லிமாவ், புலாவ் செபாங் என்று சிலவற்றுக்கு ஊர்ப் பெயர். மற்றும் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சில இடங்களில் தோட்டத்து வாழ்க்கை கலைந்துவிட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் வாழ்கின்றது.

நேயர்களே, பழைய பலகைக் கட்டடம் அப்படியே இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கறையான் அரித்த தூணின் கீழ்ப் பிள்ளைகளை உட்கார வைப்பது மரபுப் பற்று ஆகாது. கல் கட்டடம் வேண்டும், நூலகம் வேண்டும், கணினி வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி இடம் பெயர்வதும் சில வேளை தேவைதான். பள்ளியின் உரிமத்தை விட்டுவிடாமல் வேறிடத்தில் கட்டிக்கொண்ட பள்ளிகள் இந்நாட்டில் உள்ளன. ஆனால் பழைய கட்டடத்தைப் பிரிக்கும் முன், அதன் கதையை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

அந்தச் சிறுவனுக்கு விடை தேடப் புறப்பட்டபோது நாங்கள் கற்றுக்கொண்ட வழியை உங்களுக்குச் சொல்லுகின்றோம். முதலாவது, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடுங்கள். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலையும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களுக்கு அந்த ஏட்டின் ஒரு வரி துணைச்சான்றாக உதவக்கூடும். ஆகவே அதைப் பழைய காகிதம் என்று எரித்துவிடாதீர்கள். இரண்டாவது, பிள்ளைகளிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துக் கட்டடத்தை அளக்கச் சொல்லுங்கள். கதவு எத்தனை, சன்னல் எத்தனை என்று வரையச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒன்றாக நடக்கும். மூன்றாவது, தாத்தா பாட்டியைக் கேளுங்கள்: கூரை எப்பொழுது மாறியது? முதல் வாத்தியார் யார்? எந்த மரத்தடியில் மணி தொங்கியது? நான்காவது, மிக முக்கியமானது: பள்ளி வாரியத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இருப்பவர்கள், பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கின்றது என்பதைக் கேட்டு, எழுத்தில் பெற்று வையுங்கள். தோட்டம் கைமாறிய பிறகு கேட்பதைவிட, மாறும் முன் கேட்பது நல்லது.

நாங்கள் அப்படித் தேடியதில் எங்கள் பள்ளி கட்டப்பட்ட ஆண்டை உறுதியாகச் சொல்லும் ஏடு இன்னும் கைக்கு எட்டவில்லை. ஆனால் கூரை அத்தாப்பிலிருந்து தகரமான கதையைச் சொல்ல ஒரு பாட்டி கிடைத்தார். கூரை மாறிய நாளில் பெரியவர்கள் பழைய அத்தாப்பை இறக்க, பிள்ளைகள் அதை வரிசையாக நின்று கைமாற்றித் திடலில் சேர்த்தார்களாம். அந்த வரிசையில் தாமும் நின்றதாகச் சொல்லும்போது பாட்டியின் முகம் மலர்ந்தது. கேள்வி கேட்ட சிறுவன் அவருடைய கொள்ளுப் பேரன். அவன் தன் கட்டுரை ஏட்டில், "எங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் பாட்டியும் கட்டினார்" என்று எழுதிக்கொண்டு வந்தான். நாங்கள் அதைத் திருத்தவில்லை.